பவுடர் பூசிய எருமை

பிந்தோவின் வீட்டுப் பிக்கப் வண்டிக்கு எருமை என்று பெயர். சாம்பல் நிறம். மெதுவான நடை. சேற்றைக் கண்டால் தயங்காத குணம். பிந்தோவுக்கு வயது பதினொன்று, எருமைக்கு இருபத்தாறு. முன்னால் மூன்று பேர் நெருக்கி உட்காரலாம். பின்னால் திறந்த தொட்டியில் சோள மூட்டை, பன்றிக்குட்டி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று எது வேண்டுமானாலும் போகலாம்.

பிந்தோ என்றால் அடுக்குத் தூக்குச்சட்டி. அவள் தம்பி கனூன். அப்படியென்றால் பலாப்பழம். தாய்லாந்தில் எங்கள் ஊர்ப் பக்கம் செல்லப் பெயர்கள் இப்படித்தான் இருக்கும், யாரும் சிரிக்க மாட்டார்கள். நான் இந்தத் தெருமுனையில் நூடுல்ஸ் கடை வைத்திருக்கிறேன். எனக்குத் தெரியாமல் இங்கே ஒன்றும் நடக்காது.

அன்றைக்கு ஏப்ரல் பன்னிரண்டு. மறுநாள் சொங்க்ரான், எங்கள் புத்தாண்டு. ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றுகிற விழா. பிள்ளைகளுக்கு மறுநாள் வரை பொறுமை ஏது? தெரு அப்போதே நனைந்து கிடந்தது. பிந்தோ மட்டும் விளையாடப் போகவில்லை. எருமைக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தாள்.

"முப்பத்தி நாலு," என்றாள்.

"என்ன முப்பத்தி நாலு?" என்று அப்பா கேட்டார்.

"சொட்டு. காலையில இருந்து எண்ணிட்டு இருக்கேன். இதோ, முப்பத்தஞ்சு."

"எண்ணாதம்மா. எண்ணினா நின்னுடவா போகுது?"

எஞ்சின் எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே விரித்திருந்த அட்டைப்பெட்டித் துண்டில் கருப்பு வட்டம் பெரிதாகிக்கொண்டே போனது.

சும்மா நிற்கும்போது சொட்டுத்தான். மேட்டில் ஏறினால் ஒழுகும். பிந்தோவின் அம்மா பேங்காக் பக்கத்தில் சட்டை தைக்கிற ஆலையில் வேலை பார்க்கிறாள். சொங்க்ரானுக்குத்தான் வீட்டுக்கு வருவாள். வந்தால் மூன்று நாள் இருப்பாள். நாளை மதியம் பயாவ் நகரத்துப் பேருந்து நிலையத்தில் வந்து இறங்குவாள். பயாவுக்கும் எங்கள் ஊருக்கும் நடுவில் ஒரு மலை இருக்கிறது.

விழா நாளில் மினி பஸ் ஓடாது. ஓட்டுகிறவர்களும் அவரவர் வீட்டுக்குப் போயிருப்பார்கள். தெருவில் வண்டி வைத்திருந்த மற்றவர்களும் தங்கள் ஆட்களைக் கூட்டிவர ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது எருமைதான்.

காலையில் மெக்கானிக் பூன்மா வந்து பார்த்தார். ஊருக்குக் கிளம்புவதற்காகப் பூப்போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தார். சட்டை அழுக்காகக் கூடாது என்று பாதிதான் குனிந்தார்.

"கிராங்க் சீல் போச்சு," என்றார். "எஞ்சினும் கியர் பாக்ஸும் சேர்ற எடத்துல ஒரு ரப்பர் வளையம் இருக்கு. கியர் பாக்ஸை எறக்கினாத்தான் அதை மாத்த முடியும். பதினேழாந்தேதி கடையைத் தெறப்பேன். கொண்டாங்க."

"மாமா, அம்மா பதினாறாந்தேதியே திரும்பிப் போயிடுவாங்க!" என்றாள் பிந்தோ.

"அதுக்கு நான் என்னம்மா பண்றது? சீலுக்கு உங்கம்மா லீவு எல்லாம் தெரியாதே."

இப்போது பக்கத்து வீட்டு சீ அத்தை வந்து ஒரு வழி சொன்னாள். "வண்டியைக் காக்கற வண்டித் தாய் கோவிச்சுக்கிட்டா. கண்ணாடியில தொங்கற மாலையைப் பாரு, காஞ்சு சருகா இருக்கு." அப்பா உடனே புது மாலை வாங்கிக் கட்டினார். சிவப்பு சோடா ஒரு பாட்டில் உறிஞ்சுகுழல் போட்டுப் படைத்தார். பிந்தோவும் கைகூப்பி மனதார வேண்டிக்கொண்டாள். அப்புறம் மறுபடியும் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துப் பார்த்தாள். முப்பத்தாறு.

"எண்ணெய் ஊத்தி ஊத்திப் போகலாமேப்பா?"

"சமதரைன்னா போகலாம். மலையில பாதி வழியில எண்ணெய் காலியாகி எஞ்சின் இறுகிடுச்சுன்னா? எருமை அங்கயே படுத்துடும்." அப்பா கைபேசியை எடுத்தார். மறுபடியும் பையில் வைத்தார். "ஆறு மணிக்கு உங்கம்மா பஸ் ஏறுவா. அதுக்குள்ள சொல்லிடணும், இந்தத் தடவை வர வேணாம்னு. அவ்வளவு தூரம் வந்துட்டு ஸ்டாண்டுலயே உக்காந்திருந்தா பாவம் இல்லியா?"

"இப்பவே சொல்லாதீங்க!"

"நான் மட்டும் ஆசைப்பட்டா சொல்றேன்?"

மணி ஒன்றரை. பிந்தோவால் ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. வாசலுக்குப் போனாள். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினாள். வீட்டுக்குள் போனாள், எதற்குப் போனோம் என்று தெரியாமல் திரும்பி வந்தாள்.

கனூன் அப்போதுதான் குளித்திருந்தான். வேர்க்குருவுக்குப் போடுகிற குளிர்ச்சிப் பவுடரை அவன் தனக்குத்தானே போட்டுக்கொள்வான். நெற்றி, கன்னம், கழுத்து எல்லாம் சுவரைப் போல வெள்ளையாக இருந்தது.

"அக்கா, அம்மா வர மாட்டாங்களா?"

"யாரு சொன்னா?"

"அப்பா சொன்னாரே, நான் கேட்டேன்."

அவன் சத்தம் போடாமல் அழத் தொடங்கினான். பிந்தோ அவன் பக்கத்தில் குனிந்தாள். அவன் முகத்தைத் துடைக்கக் கையை நீட்டியவள், அப்படியே நின்றுவிட்டாள்.

வெள்ளை முகத்தில் இரண்டு கோடுகள். கண்ணில் கிளம்பி, கன்னத்தில் வளைந்து இறங்கி, தாடைக்கு வந்து சொட்டின. சொட்டியது என்னவோ தாடையிலிருந்துதான். ஆனால் கண்ணீர் தாடையிலிருந்தா வருகிறது?

"கனூன், அசையாத! இன்னும் கொஞ்சம் அழு!"

அக்காவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று அவனுக்குப் பயமாகிவிட்டது. அழுகை தானாக நின்றது.

பிந்தோ பவுடர் டப்பாவை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் ஓடினாள்.

"அப்பா, பூன்மா மாமா சொட்டுற எடத்தைத்தான் பார்த்தாரு. கிளம்புற எடத்தைப் பார்க்கவே இல்ல. போன மழையில டிவி மேல தண்ணி சொட்டுச்சே, ஓட்டை எங்க இருந்துச்சு?"

"அடுப்படிக் கூரையில." அப்பா நெற்றியைச் சுருக்கினார். "கழி வழியா ஓடி வந்து இங்க சொட்டுச்சு."

"எஞ்சினைத் துடைச்சிட்டு பவுடர் போடுவோம். எண்ணெய் எந்த வழியா வருதோ அங்க கோடு விழும்ல?"

அப்பா டப்பாவைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்றும் பார்த்தார்.

"எஞ்சினுக்குப் பவுடர் போட்டான்னு ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும்ப்பா."

இருவரும் டீசலும் பழைய பல் துலக்கும் பிரஷும் எடுத்து எஞ்சினைத் தேய்த்தார்கள். துணியால் துடைத்தார்கள். இருபத்தாறு வருட அழுக்கு லேசில் போகவில்லை. கனூன் கந்தல் துணி எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தான். வெயிலில் எஞ்சின் காய்ந்ததும், பிந்தோ உள்ளங்கையில் பவுடரைக் கொட்டி ஊதினாள். எருமையின் எஞ்சின் கல்யாணப் பெண் மாதிரி ஆனது.

பத்து நிமிடம் வாசலிலேயே ஓட விட்டுப் பார்த்தார்கள். ஒரு கோடும் விழவில்லை.

"மேட்டில ஏத்தணும்," என்றார் அப்பா. "புத்தர் கோயில் மேடு போதும். ஏறி எறங்கிடலாம்."

ஏறினார்கள். இறங்கினார்கள். ஆனால் நடுவில் தெரு இருந்ததே! மேவ் என்ற பன்னிரண்டு வயதுப் பெண்ணின் தலைமையில் ஒரு பட்டாளம் பீப்பாயும் குழாயுமாகக் காத்திருந்தது. வண்டி கண்ணில் பட்டதும் "ஹோ" என்று கத்திக்கொண்டு பாய்ந்தார்கள். முன் கிராதி வழியாக ஒரு வாளி. சக்கரத்துக்கு அடியில் ஒரு வாளி. ஒருத்தன் குழாயைக் கீழேயிருந்து மேலே பீய்ச்சினான்.

வீட்டுக்கு வந்து எஞ்சின் மூடியைத் திறந்தால் உள்ளே பவுடர் கரைந்து அரிசிக் கஞ்சி.

பிந்தோ ஒரு விரலால் கஞ்சியைத் தொட்டாள். கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டாள். மணி மூன்றரை.

"விட்டுடும்மா," என்றார் அப்பா. அவர் குரலும் கஞ்சியாகத்தான் இருந்தது.

"டப்பாவுல இன்னும் பாதி இருக்கு."

மறுபடியும் துடைத்தார்கள், மறுபடியும் காய விட்டார்கள். காய்வதற்குள் பிந்தோ பதினைந்து தடவை மணி பார்த்தாள். கடைசியில் பவுடர் ஊதி மூடியைச் சாத்தும்போது நாலேகால்.

"இப்பவும் அதே பசங்கதானே நிப்பாங்க?" என்றார் அப்பா.

"நீங்க மெதுவா பின்னால வாங்க. நான் முன்னால போறேன்."

அவள் ஓடினாள். மேவ் பீப்பாயின் மேல் உட்கார்ந்து மிளகாய் உப்பு தொட்டு மாங்காய் தின்றுகொண்டிருந்தாள்.

"மேவ், எருமை வருது. அது மேல தண்ணி ஊத்தாதீங்க. அதுக்குக் காய்ச்சல்."

பட்டாளம் விழுந்து விழுந்து சிரித்தது. "வண்டிக்குக் காய்ச்சலா? மாத்திரை குடுத்தியா?"

"நிஜமாத்தான் சொல்றேன். எண்ணெய் எங்க ஒழுகுதுன்னு கண்டுபிடிக்கணும். உள்ள நனைஞ்சா கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடிக்கலைன்னா எங்கம்மா வர மாட்டாங்க. ஆறு மணிக்கு அப்பா போன் பண்ணி வராதன்னு சொல்லிடுவாரு."

சிரிப்பு நின்றது. மேவின் அப்பாவும் பேங்காக்கில்தான் வேலை செய்கிறார். முந்தின நாள்தான் வந்திருந்தார். வீட்டுக்குள் அவர் விடுகிற குறட்டை தெரு வரைக்கும் கேட்டது.

"சரி," என்றாள் மேவ். ஆனால் அவளும் ஒரு தலைவி. சும்மா விட்டுக்கொடுத்தால் பட்டாளம் மதிக்குமா? "வண்டியை விட்டுடறோம். அதுக்குப் பதிலா உன் மேல ஊத்துவோம்."

"ஊத்துங்க."

"ஐஸ் தண்ணி."

பிந்தோ எச்சில் விழுங்கினாள். "ஐஸ் தண்ணியும்தான்."

முதல் வாளி தலையில் விழுந்தபோது அவள் போட்ட கூச்சலில் மேவின் அப்பாவுடைய குறட்டையே நின்றது. இரண்டாவது முதுகில். மூன்றாவது எங்கே விழுந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. ஒரு சின்னப் பெண் வெள்ளைச் சுண்ணப் பொடியைக் குழைத்து அவள் கன்னத்தில் பூசி, "புத்தாண்டு வாழ்த்து அக்கா," என்றாள்.

எருமை மெதுவாக, ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல், அவர்களைத் தாண்டிப் போனது. ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவின் வாய் திறந்தபடியே இருந்தது.

அதே தெருவில் இன்னும் இரண்டு கூட்டம். இரண்டு இடத்திலும் அதே பேரம். என் கடை வாசலிலும் ஒரு வாளி விழுந்தது. அது நான் ஊற்றியது, ஒத்துக்கொள்கிறேன். ஊற்றிவிட்டுச் சூடாக ஒரு கிண்ணம் நூடுல்ஸ் சூப் நீட்டினேன். "அப்புறம் குடிக்கிறேன் மாமா!" என்று கத்திக்கொண்டே வண்டிக்குப் பின்னால் ஓடிவிட்டாள். திரும்பி இறங்கும்போதும் எல்லாம் முதலிலிருந்து.

வீட்டு வாசலில் அப்பா மூடியைத் திறந்தார். பிந்தோ பற்கள் கிடுகிடுக்க எட்டிப் பார்த்தாள்.

உள்ளே எல்லாம் வெள்ளை. எஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தில் ஒரு கருப்புச் சொட்டு. அதற்கு மேலே ஒரு கோடு. எஞ்சினின் முதுகு வழியாக அது மேலே மேலே போனது. கண்ணுக்கு எட்டாத இடத்தில் அப்பா மோட்டார் சைக்கிளின் பழைய கண்ணாடியைப் பிடித்துக் காட்டினார்.

கோடு தொடங்கிய இடம் எஞ்சினின் உச்சி. அங்கே டாப்பெட் கவர் என்கிற மூடி. அதன் பின் முனையில், கீழே, அரைநிலா வடிவத்தில் விரல் நீளத்துக்கு ஒரு ரப்பர் அடைப்பு. அதன் ஓரம் மட்டும் ஈரமாகப் பளபளத்தது.

"மேட்டில ஏறும்போது மூக்கு மேல போகும்ல," என்றாள் பிந்தோ. "அப்ப உள்ள இருக்கற எண்ணெய் எல்லாம் பின்னால சேர்ந்து இது வழியா வழியுது. கிராங்க் சீல் இல்லப்பா! கியர் பாக்ஸை எறக்க வேணாம்!"

அப்பா கண்ணாடியைக் கீழே வைத்தார். காதைச் சொறிந்தார்.

"என்னப்பா?"

"போன மாசம் நான்தான் அந்தக் கவரைத் தெறந்தேன். வால்வு சத்தம் போட்டுச்சு. இந்த ரப்பருக்குச் சுத்தி பசை வைக்கணும். வைக்க மறந்திருப்பேன்."

"பூன்மா மாமாகிட்ட சொன்னீங்களா?"

"எப்படிச் சொல்றது? அவர்கிட்ட போகாம நானே கை வச்சேன்னு தெரிஞ்சா அவர் மனசு கஷ்டப்படாதா? பக்கத்துலயே கடை வச்சிருக்கற மனுஷன்."

எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாரும் இப்படித்தான். அடுத்தவர் மனம் கோணக் கூடாது என்று பார்த்துப் பார்த்து, கியர் பாக்ஸையே இறக்கத் தயாராகிவிடுவார்கள். மெக்கானிக்கிடம் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் அவர் முதலில் அங்கேதான் பார்த்திருப்பார்.

பிந்தோவுக்குக் கோபம்தான் வந்தது. காலையிலிருந்து எண்ணிய சொட்டுகள், ஐஸ் தண்ணீர், கனூனின் அழுகை எல்லாம் ஒரேயடியாக நினைவுக்கு வந்தன. அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமாகிட்ட இப்பவும் சொல்ல வேணாம்," என்றாள். "பசை எங்க இருக்கு?"

கவரைக் கழற்றினார்கள். பழைய ரப்பரைத் துடைத்து, சுற்றிலும் சிலிக்கான் பசை வைத்து, உட்கார வேண்டிய இடத்தில் உட்கார வைத்தார்கள். கடைசித் திருகை அப்பா முடுக்கும்போது கைபேசி அடித்தது. மணி ஐந்து ஐம்பது.

"பஸ் பக்கத்துல நிக்கறேன்," என்று அம்மாவின் குரல் கேட்டது. பின்னால் ஒரே கூட்டச் சத்தம். "வண்டியில ஏதோ கோளாறுன்னு சீ அக்கா சொன்னாங்களே. ஏறட்டுமா, வேணாமா? இங்க என் சீட்டுக்கு நாலு பேரு நிக்கறாங்க."

பசை காய ஓர் இரவு ஆகும். அதற்கு முன் ஓட்டிப் பார்க்க முடியாது. சரியாகிவிட்டதா என்று யாருக்கும் தெரியாது. அப்பா கடைசியாக முடுக்கிய திருகைப் பார்த்தார். பிறகு கைபேசியைப் பிந்தோவிடம் நீட்டினார்.

"நீ சொல்லு. கண்டுபிடிச்சது நீ."

பிந்தோ கைபேசியை வாங்கிக்கொண்டாள். வெள்ளை எஞ்சினையும் அந்த ஒற்றைக் கோட்டையும் திரும்பிப் பார்த்தாள்.

"ஏறுங்கம்மா," என்றாள்.

அன்றிரவு அவள் சரியாகத் தூங்கவில்லை. விடிவதற்கு முன்பே எழுந்து பசையைத் தொட்டுப் பார்த்தவளை அப்பா இரண்டு தடவை உள்ளே அனுப்பினார்.

காலையில் மூவரும் கிளம்பினார்கள். முதல் வளைவு தாண்டியதும் பிந்தோ, "நிறுத்துங்கப்பா," என்றாள். இறங்கிப் பார்த்தாள். ஈரம் இல்லை. மூன்றாவது வளைவில் மறுபடியும், "நிறுத்துங்கப்பா." உச்சிக்குப் பாதி வழியில் கனூனே முந்திக்கொண்டு, "நிறுத்துங்கப்பா, அக்கா பார்க்கணுமாம்," என்றான். உச்சியில் எஞ்சின் அனலாகக் கொதித்தது. பிந்தோ வெள்ளைத் துணி ஒன்றை அந்த அரைநிலாவின் ஓரத்தில் வைத்து அழுத்தி எடுத்தாள்.

துணி வெள்ளையாகவே இருந்தது. அப்போதும் அவள் நம்பவில்லை. துணியைத் திருப்பிப் பார்த்தாள்.

இத்தனை தடவை நின்றதால் அரை மணி நேரம் தாமதம். அம்மா பேருந்து நிலையத்தில் தன் பெட்டியின் மேல் உட்கார்ந்து வழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். எருமையைக் கண்டதும் எழுந்து நின்று இரண்டு கைகளையும் ஆட்டினாள். கனூன் வண்டி நிற்கும் முன்பே கதவைத் திறக்கப் பார்த்தான். பிந்தோ இறங்கி ஓடினாள். பாதியில் திரும்பி வந்து, வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு மறுபடியும் ஓடினாள்.

திரும்பி வரும்போது கனூன் அம்மாவின் மடியில். நடுவில் பிந்தோ. அப்பா நடந்ததை எல்லாம் சொன்னார், பசையை மறந்தது உட்பட. அம்மா ஐஸ் தண்ணீர் கதையைக் கேட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வண்டி மலை ஏறத் தொடங்கியது. "பிந்தோ, நிறுத்தணுமா?" என்று அப்பா கேட்டார்.

அவள் அம்மாவின் தோளில் சாய்ந்து, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

தெருவுக்குள் நுழைந்தபோது மேவின் பட்டாளம் வாளியோடு பாய்ந்து வந்தது. அம்மா ஜன்னல் வழியாக உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். பட்டாளம் அப்படியே நின்று வழி விட்டது. வீட்டு வாசலில் அப்பா எஞ்சினை அணைத்தார். கனூன் குதித்து இறங்கினான். அப்பா பெட்டியை இறக்கினார்.

"இறங்கலியா?" என்றார்.

"இறங்கினா இவ முழிச்சுக்குவா," என்றாள் அம்மா. கை மரத்துப் போய் வெகு நேரமாகியிருந்தது. அவள் அசையவில்லை.